ஐம்புலன்களுக்கும் ஒரு களரி



கலை என்றால் பார்ப்பதும் கேட்பதும் என்றே நாம் பழகிவிட்டோம். ஓவியத்துக்குக் கண், இசைக்குக் காது, நாடகத்துக்கு இரண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, மூக்கையும் நாவையும் தோலையும் கலைக்கு வெளியே நிறுத்திவிட்டோம். இந்தப் பங்கீடு எல்லாக் காலத்துக்கும் உரியதா? வன்னி மண்ணுக்கு இது பொருந்துமா? இன்றைய உரையில் இதனையே நோக்குவோம்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மேலை நாடுகளின் கலைஞர் சிலர் இந்தப் பங்கீட்டுக்கு எதிராகக் கிளம்பினர். சுவரில் மாட்டும் படத்தையும் பீடத்தில் நிற்கும் சிலையையும் விட்டு, ஓர் அறையையோ முற்றத்தையோ முழுவதுமாகக் கலைப்படைப்பாக்கினர். காண வந்தவர் அதன் முன்னால் நிற்பதில்லை, அதற்குள் நுழைகிறார். இதனை நிறுவற் கலை என்று தமிழிற் கூறலாம்.

1961ஆம் ஆண்டில் அலன் கப்ரோ என்ற அமெரிக்கக் கலைஞர் நியூயோர்க் நகரிற் கலைக்கூடமொன்றின் பின்முற்றத்தைப் பழைய வாகன ரயர்களால் நிரப்பினார். வந்தவர்கள் அவற்றின்மேல் ஏறி நடந்தார்கள். 1977இல் வோல்ரர் டி மரியா அதே நகரின் மாடிக் கட்டடமொன்றில் ஒரு தளத்தை ஈரமண்ணால் நிரப்பினார். மண்வாசனையே அங்கு முதலில் எதிர்கொள்ளும். 1992இல் தாய்லாந்துக் கலைஞர் றிர்க்றிற் திரவனிஜா நியூயோர்க் கலைக்கூடத்துக்குள் அடுப்பு மூட்டி, சோறும் கறியும் சமைத்து, வந்தவர்க்கெல்லாம் இலவசமாகப் பரிமாறினார். உணவும் உண்டவர்களின் உரையாடலுமே அங்கு கலைப்பொருள். 2003இல் ஒலாஃபர் எலியாசன் லண்டன் ரேற் மொடேர்ண் மண்டபத்தில் மஞ்சள் ஒளியாலும் மென்புகையாலும் ஒரு செயற்கைச் சூரியனை அமைத்தபோது, மக்கள் தரையிற் படுத்துக் கிடந்து அதன் ஒளியில் நனைந்தார்கள்.

இவர்களுள் நம்மவர் கவனத்துக்கு மிக அண்மையில் வருபவர் ஜேர்மனியரான வொல்ஃப்காங் லைப். மருத்துவம் படித்து அதனை விட்டுக் கலைக்கு வந்தவர். 1975இல் அவர் செய்த 'பாற்கல்' என்ற படைப்பு, மிகச் சிறிதளவே குழிந்த ஒரு வெண்பளிங்குப் பலகை. அதில் நாள்தோறும் புதிதாகப் பாலை நிரப்பவேண்டும். மாலையிற் கழுவித் துடைக்கவேண்டும். பூக்களின் மகரந்தம், அரிசி, தேன்மெழுகு என்பனவே அவரது ஏனைய மூலப்பொருள்கள். தேன்மெழுகால் உட்சுவரெல்லாம் பூசிய அறைக்குள் நுழைபவரை அதன் மணம் சூழ்ந்துகொள்ளும். இவர் தமிழ்நாட்டில் மதுரைக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றிலும் கலைக்கூடம் அமைத்துப் பணியாற்றியவர். பாலும் அரிசியும் நாளாந்தம் படைக்கப்படும் தென்னகக் கோயில்களை அறிந்த ஒருவரின் கையில் அவை கலைப்பொருளானது வியப்பன்று.

மதுரை என்றதும் நமக்குக் கண்ணகி நினைவுக்கு வருகிறாள். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து, இடமிடமாகத் தங்கி, பத்தாவதாக அமர்ந்த இடமே வற்றாப்பளை என்பது வன்னி மக்களின் ஐதீகம். 'பத்தாம் பளை' என்பதே 'பத்தாப்பளை' ஆகி, வற்றாப்பளை என மருவியதாகச் சொல்வர். முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் என்னும் களப்பின் கரையில் அக்கோயில் இருக்கிறது.

ஐதீகம் இப்படிப் போகிறது. களப்புக் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வந்து தங்க இடம் கேட்டாள். சிறுவர்கள் இலைகுழைகளால் ஒரு கொட்டில் அமைத்துப் பொங்கிப் படைத்தார்கள். இருட்டியதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை அள்ளி விட்டு ஏற்றுங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. பிறகு, தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்றாள். தலைமயிரை விலக்கிப் பார்த்த சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். மூதாட்டி மறைந்துபோனாள்.

இந்தக் கதையின் உறுப்புகளை எண்ணிப் பாருங்கள். குழையின் மணம், பொங்கலின் சுவை, உப்புநீரின் ஈரம், இருட்டில் ஒரு சுடர், தலைமயிரில் விரலின் தொடுகை. தெய்வத்தை அறிந்துகொண்டது முதலில் விரல். கண் பிறகுதான் கண்டது. சிறுவர்கள் அவளுக்கு ஒரு துதியும் பாடவில்லை. கொட்டில் கட்டினார்கள், பொங்கினார்கள், விளக்கேற்றினார்கள், பேன் பார்த்தார்கள். ஐம்புலன்களாலும் நுழையும் ஒரு கலைக்கு இதனினும் தெளிவான தோற்றக் கதை கிடைப்பது அரிது.

ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில், திங்கட்கிழமையில் நடைபெறும் பொங்கல் இந்தக் கதையின் வழியே நடக்கிறது. அதற்கு முந்திய வாரங்களிலேயே பாக்குத் தெண்டல் என்னும் சடங்குடன் ஆயத்தம் தொடங்கிவிடும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாக, திங்களன்று, முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுக்கிறார்கள். கடல்நீர்க் குடம் கால்நடையாக முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்கு வருகிறது. வழியிலுள்ளோர் நிறைகுடம் வைத்து வரவேற்கிறார்கள். அந்த உப்புநீரை விட்டு ஏற்றிய விளக்கு அங்கே ஒரு வாரம் எரிகிறது. ஞாயிறன்று காட்டா விநாயகருக்குப் பொங்கல். பின்னர் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்பட, திங்களன்று பெரும் பொங்கல்.

உப்புநீரில் விளக்கு எவ்வாறு எரிகிறது என்பது இங்கே நமது கேள்வியன்று. அந்த ஒரு வாரம் மக்களின் புலன்களுக்கு என்ன நிகழ்கிறது என்பதே கேள்வி. கடலோரத்திலிருந்து காட்டோரத்துக்கு, காட்டோரத்திலிருந்து களப்புக் கரைக்கு அவர்கள் நடக்கிறார்கள். காலடியில் மணல் மாறுகிறது. மூக்கில் காற்று மாறுகிறது. பொங்கலன்று எண்ணற்ற அடுப்புகளின் புகை கண்ணைக் கரிக்கிறது. கற்பூரமும் வேப்பங்குழையும் மணக்கின்றன. பறையொலி நெஞ்சில் அதிர்கிறது. அன்றிரவு கோயில் வெளியில் பாய் விரித்துக் கிடப்பவருக்கு மணலின் சூடும் பின்னிரவுக் குளிரும் உடம்பிற் பதிகின்றன. ஒவ்வொரு குடும்பமும் தன் பானையில் தானே பொங்குவதால், பார்வையாளர் என்று தனியே ஒருவர் அங்கு இல்லை.

இந்தப் பொங்கல் இத்தனை காலம் தன் பழைய வடிவில் நின்றதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822 - 1879) முன்னின்று நடத்திய சைவச் சீர்திருத்தம் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. அங்கே கண்ணகி கோயில்கள் பல, இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறி, ஆகமப் பூசைக்குள் வந்தன. மட்டக்களப்பிலும் வன்னியிலும் அந்த மாற்றம் அவ்வளவாகப் புகவில்லை. கண்ணகியின் கதையைச் சொல்லும் காவியம் மட்டக்களப்பில் 'கண்ணகி வழக்குரை' என்றும், வன்னியில் 'சிலம்பு கூறல்' என்றும் வழங்கி வந்தது. ஆகமப் பூசையில் மந்திரமும் தீபாராதனையும் முதன்மை பெறும். செய்பவர் ஒருவர், காண்பவர் பலர். பொங்கலிலோ விறகும் நீரும் அரிசியும் முதன்மை பெறும், செய்பவரே பலர். யாழ்ப்பாணம் கோயிலைச் சீராக்கியபோது கண்ணுக்கும் காதுக்கும் இடம் விட்டது. வன்னி ஏனைய புலன்களையும் கைவிடவில்லை எனலாம்.

கோயிலிலிருந்து களரிக்கு வருவோம். முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்துக்குத் தனியிடம் உண்டு. வடமோடி, தென்மோடி என்ற இரு பெரும் மரபுகளுக்கு அப்பால், 'முல்லைமோடி' என்று தன் ஊர்ப் பெயராலேயே வழங்கும் ஆட்டமுறை இங்கே உருவானது. நமது பழைய கூத்து வட்டக்களரியில் நடப்பது. நாற்புறமும் சனம்; நடுவே ஆட்டக்காரர்; அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார். இரவு தொடங்கி விடியும்வரை ஆட்டம். பந்த வெளிச்சத்தின் எண்ணெய் மணமும், பின்னாளிற் பெற்றோமக்ஸ் விளக்கின் இரைச்சலும், ஆடுபவரின் வியர்வையும், களரிப் புழுதியும், கச்சான் வறுக்கும் மணமும் கூத்தோடு கூடவே வந்தவை. நடுச்சாமத்தில் கண்ணயர்ந்து, கோவலன் கொலைப்படும் கட்டத்தில் மத்தளம் மாறும்போது திடுக்கிட்டு விழிப்பதும் கூத்துப் பார்க்கும் முறைகளில் ஒன்றே. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே கதை உடம்புக்குள் இறங்கிவிடும்.

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்துக்குப் புதுவாழ்வு கொடுத்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடியது ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. வட்டக்களரி ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையானது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகத்தில் 'மனமே' வழியாகச் செய்த புத்தாக்கத்தின் காலத்தோடு இதனை இணைத்து நோக்கவேண்டும். பட்டிக்காட்டார் ஆட்டம் என்று படித்தவர் ஒதுக்கியதைப் பல்கலைக்கழக மேடைக்கு உரியதாக்கியது பெரும் சாதனை. அவர் செய்திராவிட்டால் நமது தலைமுறையில் பலர் கூத்து என்ற சொல்லையே பெருமையோடு உச்சரித்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அந்தச் சாதனைக்கு ஒரு விலையும் இருந்தது. மேடைக்கு வந்த கூத்து கண்ணுக்கும் காதுக்கும் உரியதாக வந்தது. புழுதியும் பனியும் உறக்கமும் களரியோடு தங்கிவிட்டன. அவற்றோடு, ஊரவர் கூத்துக்குச் செய்யும் வேலைகளும் தங்கிவிட்டன. களரி அமைப்பவர், உடுப்புக்கு வேண்டியது கொடுப்பவர், ஆட்டக்காரர் வீட்டுக்கு அரிசி அனுப்புபவர், ஆடுபவருக்குச் சால்வை போர்த்துபவர் ஆகிய எல்லாரும் நுழைவுச்சீட்டு வாங்கிக் கதிரையில் அமரும் இரசிகரானார்கள். வித்தியானந்தனுக்குப் பின்வந்த கூத்தறிஞர் சிலர் இதனை உணர்ந்தே, கூத்தை அதன் ஊரிலேயே, அந்த ஊராரோடு மீளவும் உருவாக்கவேண்டும் என்று மட்டக்களப்பில் முயன்றனர். இரு வழிகளும் நமக்கு வேண்டியவையே. எந்த வழியில் எதனைப் பெறுகிறோம், எதனை இழக்கிறோம் என்ற தெளிவு நமக்கு இருந்தாற் போதும்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. தீர்த்தம் தரும் கடலே உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2009 மே மாதத்தில், வைகாசி பிறந்த அதே வாரத்தில், நந்திக்கடற் கரையிற் போர் முடிந்தது. அந்த வைகாசியில் இந்தக் கோயிலைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் செட்டிகுளத்து முகாம்களின் வேலிக்குள் இருந்தார்கள். மெனிக் பாம் முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். முகாமில் விறகும் இருந்தது, நீரும் இருந்தது, அரிசியும் இருந்தது. கடலும் களப்பும் பாதையும் இருக்கவில்லை. பொங்கலின் பொருள்களை எங்கும் கொண்டு செல்லலாம்; அது நடக்கும் இடத்தைக் கொண்டு செல்ல இயலாது.

அந்தக் காலத்திலிருந்து வேறொரு சுவை நமது மக்களிடையே நிலைத்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்துண்டில் அகப்பட்டிருந்த மக்கள், உணவு அருகிய நாட்களில் அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடித்து உயிர் காத்தார்கள். இறந்தோரின் நினைவாக ஒவ்வொரு மே மாதத்திலும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி வழங்கும் வழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் பரவியிருக்கிறது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அதனை வழங்கியமைக்காகப் பெண்கள் கைது செய்யப்பட்ட செய்தியையும் நாம் அறிவோம். ஒரு சிரட்டைக் கஞ்சியில் எத்தனை நினைவு அடங்கியிருக்கிறது என்பதை, அதைக் குடிப்பவர்களைப் போலவே அதைத் தடுப்பவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். கஞ்சி காய்ச்சுபவர் தம்மைக் கலைஞர் என்று சொல்வதில்லை, சொல்லவேண்டியதுமில்லை. நியூயோர்க் கலைக்கூடத்திற் சோறு பரிமாறியவர், பகிர்ந்துண்ணும் உணவு மனிதரைக் கூட்டும் என்று காட்டினார். இங்கே பகிரப்படும் கஞ்சி, உயிரோடு இருப்பவரை இறந்தவரோடும் கூட்டிவைக்கிறது.

தற்காலக் கலைஞர் இந்த இழப்பை எவ்வாறு கையாண்டனர் என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன், 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு நிறுவற் படைப்பை அமைத்தார். குடாநாட்டு மக்களிடமிருந்து சேகரித்த அன்றாடப் பொருள்களே அதன் உள்ளடக்கம். 1981இல் எரிந்த நூலகம் மீளக் கட்டப்பட்டதன் பின், அந்தச் சுவர்களுக்குள் மக்களின் வீட்டுப் பொருள்கள் நூல்களுக்குரிய தகுதியோடு வைக்கப்பட்டன. 2011இல் வெளிவந்த அவரது 'முழுமையற்ற தோம்பு' என்ற நூற்படைப்பில், இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. அரசின் பதிவேட்டில் நிலத்தின் அளவும் உரிமையாளர் பெயரும் இருக்கும். கிணற்றடியின் குளிர்ச்சியும் மாமர நிழலும் இருக்கா. நினைவிலிருந்து வரைந்த தோம்பில் அவையே முதலில் வருகின்றன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. வற்றாப்பளைப் பொங்கலை நிறுவற் கலை என்று பெயர்மாற்றிப் பெருமை தேடவேண்டியதில்லை. கலைக்கூடத்துக்குள் நுழைபவர் விருந்தினர். அனுபவித்துவிட்டு வெளியே வந்தால் அவரது தொடர்பு முடிந்தது. மறுநாட் காலையில் பாற்கல்லிற் பால் ஊற்றுவது கூடத்தாரின் வேலை. பொங்கலிலோ தீர்த்தக் குடம் சுமப்பவருக்கும், கப்புகனாருக்கும், மடைப்பண்டம் எடுப்பவருக்கும் முறை உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தாலும் அடுத்தவர் அந்த முறையை ஏற்கவேண்டும். கடல்நீரின் ஈரத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. புகைக்குப் பின்னால் ஓர் ஊர் நிற்கிறது. ஐம்புலன்களுக்கும் விருந்தாகும் கலையைத் தாங்கி நிற்பது இந்தக் கடமைகளின் வலை. மேலைநாட்டுக் கலைஞர் பெருமுயற்சியோடும் பொருட்செலவோடும் புலன்களை மீட்டெடுத்தார்கள். இந்த வலையை அவர்களால் அறைக்குள் கொண்டுவர இயலவில்லை. நாமோ அதனை உடைமையாகக் கொண்டிருந்தும் அதன் மதிப்பை அறியாமல் இருக்கிறோம்.

இன்று நமக்குள்ள ஆபத்தும் இவ்விடத்திலேதான் இருக்கிறது. பொங்கல் நாளிற் கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. தொலைவிலுள்ள உறவினர் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து திரையிற் காண்கிறார்கள். அவர்களுக்கு அது பேராறுதல்; குறை சொல்வதற்கில்லை. ஆனால் பதிவு செய்துவிட்டோம், ஆகவே பாதுகாத்துவிட்டோம் என்று எண்ணிவிடக்கூடாது. ஒளிப்பதிவு கண்ணையும் காதையும் காக்கும். நேயர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வானொலியோ காதை மட்டுமே காக்கும். மத்தள ஒலியை நாம் அனுப்பலாம். களரிப் புழுதியை அனுப்ப முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள பாடசாலைகள், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம், ஊர்ச் சனசமூக நிலையங்கள் ஆகியவை கூத்துப் பாடல்களைத் தேடித் தொகுப்பதோடு நின்றுவிடலாகாது. எந்தச் சடங்குக்கு எந்தக் குடும்பம் எதனைக் கொண்டுவந்தது, எந்த மரத்தின் விறகு, எந்தத் துறையின் நீர், எந்தப் பாதை, களரியை எந்தத் திசை நோக்கி அமைத்தார்கள், ஆடியவருக்கு என்ன உண்ணக் கொடுத்தார்கள் என்பவற்றை, அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். எழுதியதோடு நின்றுவிடாமல், அடுத்த முறைக்கு ஒரு பிள்ளையைக் கூட அழைத்துச் செல்லவேண்டும். விறகு சுமக்க விடவேண்டும். புகையிற் கண் கலங்க விடவேண்டும். வற்றாப்பளையின் முதற் பொங்கலைப் பொங்கியவர்கள் மாடு மேய்த்த சிறுவர்கள் என்றே நமது ஐதீகம் சொல்கிறது. அடுத்த பொங்கலும் சிறுவர்கள் கையிலேதான் இருக்கிறது.